சலவைக்குப் போன கீரை

என் அண்ணன் பெற்று, என் கையில் வளர்க்கக் கொடுத்த அருமை மகளும், நாக்கில் தேளைக் குடிவைத்திருப்பவளுமான கொடுக்குக்கு, உலகத்து லிஃப்ட்டுகளையெல்லாம் ஒற்றைச் சுண்டுவிரலால் தூக்கி நிறுத்தும் மாவீரனாகிய உன் சித்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், என் தொப்பை என்னைவிடச் சுகம், உன் சித்தியோ சுகத்துக்கே பாடம் நடத்தும் அளவுக்குச் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் இதில் பாதியாவது சுகமாக இருக்கிறீர்களா என்று எழுது. முழுதாக இருந்தால் இன்னும் பெரிய எழுத்தில் எழுது.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. எடுத்தவுடன் கடைசிப் பக்கத்துக்குப் பாயும் உன் கெட்ட பழக்கம் எனக்குத் தெரியும், அதனால் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உன் சித்தி வருகிறாள்! ஆமாம், நீ பிள்ளை பெறும்போது பக்கத்தில் இருக்க அவள் வருகிறாள், சத்தியமாக வருகிறாள், நானே தடுத்தாலும் என்னை மடித்து இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்துவிட்டு வருவாள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் நீ நடுவில் மூன்று கேள்வி கேட்பாய், நான் கோபித்துக்கொள்வேன், கடைசியில் உங்கள் ஊரில் மழையா வெயிலா என்று பேசி வைத்துவிடுவோம். தாள் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. பேசிப் பார், கேட்கிறதா என்று.

அன்றைக்கு நீ கூப்பிட்டு, சித்தி, அடுத்த வருஷம் ஒரு குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம், அப்போ நீ வந்து கூட இருப்பியா என்று கேட்டாய் அல்லவா, அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டதாக நினைத்து வாளியோடு வந்துவிட்டார். அதற்கப்புறம்தான் நீ வாய் சும்மா இருக்காமல், புது வீடு ஐந்தாவது மாடி சித்தி, லிஃப்ட் கிடையாது, ஆனா காத்து சூப்பரா வரும் என்று சொன்னாய். லிஃப்ட் மெக்கானிக் வளர்த்த பெண் லிஃப்ட் இல்லாத வீட்டில் குடியேறிய அவமானத்தை நான் தனியாக அழுது தீர்த்துக்கொண்டேன், அது வேறு கதை. ஆனால் உன் சித்தி அந்த நிமிஷத்திலிருந்து ஊமையாகிவிட்டாள். அடுத்தடுத்து நீ கேட்கும்போதெல்லாம் லீவு கிடைக்காது என்றாள், முட்டி வலி என்றாள், விமானம் என்றாலே வயிற்றைப் பிரட்டும் என்றாள். விமானத்தைப் பக்கத்தில்கூடப் பார்த்திராதவளுக்கு அது எப்படிப் பிரட்டும் என்று நீ கேட்டதும், அவள் போனை என்னிடம் தள்ளிவிட்டதும் உனக்கு நினைவிருக்கும். போன மாதம் நீ என்னிடம் மட்டும் தணிந்த குரலில், சித்திக்கு வர இஷ்டம் இல்லையா சித்தப்பா, நான் அவங்க பெத்த பிள்ளை இல்லைங்கிறதாலயா என்று கேட்டாயே, அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு நீ இந்த ஊரில் இருந்திருந்தால் உன் காதைத் திருகிக் கையில் கொடுத்திருப்பேன். ஆனால் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பிள்ளை பதறிடுவா, ஒண்ணும் தெரியாம வாயைத் திறக்காதீங்க என்று வீட்டில் ஊரடங்கு போட்டிருந்தாள். இன்றைக்குத்தான் ஊரடங்கு தளர்ந்தது. இனி என் வாயை அணை போட்டாலும் நிறுத்த முடியாது.

விஷயம் இதுதான். அவளால் மாடி ஏற முடியவில்லை. நம் வீடு நாலாவது மாடி, வருஷக்கணக்காகத் துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடு மலையேறுவதுபோல் ஏறியவள், ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் பெயிண்ட் உரிந்திருப்பதை ஆராய்ச்சி செய்வதுபோல் நிற்க ஆரம்பித்தாள். ஆராய்ச்சி எதற்கு, மூச்சு வாங்கத்தான். முகம் அவள் வெளுக்கும் விரிப்புகளுக்கே போட்டி கொடுக்கும் வெளுப்பு. நாக்கு சிவந்து, ரோமம் சிரைத்ததுபோல் வழுவழுவென்று ஆகி, கொஞ்சம் காரம் பட்டாலும் துள்ளினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஐம்பது பேரை மேய்ப்பவள், யார் எந்த ஷிஃப்ட் என்பதையே மறந்து நின்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மூளை லிஃப்ட் மூளை அல்லவா, அது மேலும் கீழும்தான் போகும், பக்கவாட்டில் போகாது. மனைவிக்கு மாடி ஏற முடியவில்லையா, மாடியை ஏற வைப்போம் என்று, நம் கட்டடத்தில் நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து செத்துக்கிடந்த லிஃப்ட்டை ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து உயிர்ப்பித்தேன். கம்பிவடம் மாற்றி, மோட்டாரைக் குளிப்பாட்டி, கதவுக்கு எண்ணெய் விட்டு, உள்ளே கண்ணாடி வைத்து, அவள் நிற்கும் இடத்தில் மிதியடி போட்டேன். திறப்பு விழாவுக்கு நானே நாடா கட்டி நானே வெட்டி நானே கைதட்டினேன். அவள் அதில் ராணிபோல் ஏறி இறங்க, மூச்சிரைப்பு நின்றுவிட்டது என்று நான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். நிற்கவில்லை, மறைந்திருந்தது. புகை வருகிற ஜன்னலைச் சாத்திவிட்டுத் தீ அணைந்துவிட்டது என்றவன் கதை.

ஒருநாள் சாயங்காலம் மின்சாரம் போனது. நான் வேலையில் இருந்தேன். அவள் கூடையோடு படி ஏறி, இரண்டாவது மாடியைத் தாண்டவில்லை, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வாளியோடு வந்தாரே எதிர்வீட்டுக்காரர், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் எங்கே போகிறீர்கள் என்று கேட்காமல் விடமாட்டார், அவர்தான் பார்த்திருக்கிறார். என்னம்மா, இறங்கற இடம் வந்துடுச்சா என்று தமாஷாகக் கேட்டவர், அவள் தலையைச் சுவரில் சாய்த்ததும் பயந்துபோய் எனக்கு போன் போட்டார். நான் வந்து பார்த்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்று. நம்ம நாலு மாடிக்கே இப்படின்னா அவ அஞ்சு மாடிக்கு நான் எப்படிங்க போவேன், பிள்ளையைத் தூக்கிட்டு நடுப்படியில விழுந்துட்டா என்று. கேட்டுக்கொள் கொடுக்கு, அவளுக்கு வர இஷ்டமில்லையாம்! இஷ்டம் இருந்த இடத்தில் பயம் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பெத்த பிள்ளை, பெறாத பிள்ளை என்று இனி ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்தால் அங்கேயே வந்து வாயைத் தைப்பேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன உருவம், என் ஸ்பேனரைவிட ஒல்லி, ஆனால் ஒரு புருவத்தை உயர்த்தினால் யானையே உட்கார்ந்துவிடும். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுத்தார். முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை, என் குறட்டை மட்டும் தூங்கியதாக உன் சித்தி சொல்கிறாள். வாயில் வராத வியாதியெல்லாம் மனசில் வந்தது. முடிவு வந்ததும் டாக்டரம்மா சொன்னார், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, இருப்பவையும் அளவுக்கு மீறிப் பெரிதாக ஊதியிருக்கின்றன, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் சத்துக் குறைந்தால் இப்படித்தான் ஆகும் என்று. அணு ஒன்று இரண்டாகப் பிரிய அந்தச் சத்து வேண்டுமாம், அது இல்லாவிட்டால் பிரியத் தெரியாமல் உடம்பை மட்டும் வளர்த்துக்கொண்டு நிற்குமாம். நான் உடனே, புரிஞ்சுது டாக்டர், எங்க ஒர்க்‌ஷாப்புல ஒருத்தன் அப்படித்தான் இருக்கான் என்றேன். புருவம் உயர்ந்தது. நான் உட்கார்ந்தேன்.

பிறகு கேட்டார், கீரை, பயறு எல்லாம் சாப்பிடுவீங்களாம்மா என்று. உன் சித்திக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் சாப்பிடறேன் டாக்டர், எங்க வீட்டுல கீரை இல்லாத நாளே கிடையாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மாவுக்குக் குழப்பம். ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், இவளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். எப்படிச் சமைப்பீங்க என்று கேட்டார். அவ்வளவுதான், உன் சித்திக்குத் தன் தொழில் பெருமை பொங்கிவிட்டது. முதல்ல பச்சைத் தண்ணியில நல்லா ஊற வெப்பேன் டாக்டர், அப்புறம் கொதிக்கிற தண்ணியில போட்டுக் கொஞ்சம் சோடா உப்பு, நல்லா கொதிச்சதும் அந்த அழுக்குத் தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டு, ரெண்டாவது தண்ணியில மறுபடி கொதிக்க வெச்சு, வடிகூடையில கொட்டி, குழாயில அலசி, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிழிஞ்சு, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம ஆக்கிட்டுத்தான் தாளிப்பேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பயறும் அப்படியே, பீன்ஸும் அப்படியே. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அம்மா, நீங்க சொல்றது கீரையா, பெட்ஷீட்டா என்று கேட்டார் பார், நான் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்களுக்குப் பாதி வியாதி குணமாகியிருக்கும். உன் சித்தி என் காலை மிதித்தாள். இப்போதும் நகம் கறுப்பாக இருக்கிறது.

அந்தச் சத்து தண்ணீரில் கரைந்து ஓடுகிற சத்தாம், சூட்டில் வேறு அழிந்துபோகுமாம், சோடா உப்பும் அதற்குப் பகையாம். ஆக நம் வீட்டில் வருஷக்கணக்காகச் சத்தெல்லாம் சாக்கடைக்குப் போய், சக்கை மட்டும் தட்டுக்கு வந்திருக்கிறது. நம் தெருச் சாக்கடை ரத்த தானம் செய்யும் அளவுக்கு ஆரோக்கியமாக இருக்கும். அதே சாப்பாட்டைச் சாப்பிடற இவர் மட்டும் எப்படி டாக்டர் காளை மாட்டாட்டம் இருக்கார் என்று உன் சித்தி விடாமல் கேட்டாள். மதியம் எங்க சாப்பிடுறீங்க என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். கேன்டீன்ல, பருப்பும் பயறும்தான், சாயங்காலம் ஒரு ஆரஞ்சு என்று நான் சொல்ல, இவர் டூல் பாக்ஸைத் திறந்து பாருங்க டாக்டர், ஸ்பேனரைவிட வேர்க்கடலைதான் அதிகம் இருக்கும் என்று அவள் என் மானத்தை வாங்க, அதுதான் காப்பாத்தியிருக்கு என்று டாக்டரம்மா தீர்ப்பு சொன்னார். கேட்டாயா, வேர்க்கடலையைத் திருடித் தின்கிறேன் என்று சின்ன வயசில் என்னைக் காட்டிக்கொடுத்தாயே, அது மருந்து! இவளோ மதியம் சலவைக்கூடத்தில் டீயும் ரொட்டியுமாகவே ஓட்டியிருக்கிறாள். இன்னொன்றும் சொன்னார் அந்தப் புருவம். பி பன்னிரண்டு என்று வேறொரு வைட்டமின் இருக்கிறதாம், அது குறைந்தாலும் ரத்தம் இப்படியே காட்டுமாம், அதைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறியதுபோல் காட்டிவிட்டு உள்ளே நரம்பு கெட்டுப்போகுமாம். அதனால் அதையும் சோதித்துவிட்டுத்தான் மாத்திரை எழுதினார். அது சரியாக இருந்தது, தினம் ஒரு டம்ளர் பாலை அவள் விடாமல் குடிப்பதற்குப் பலன். எமனையே எதிர்த்து நிற்க நான் இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு போயிருந்தேன், கையில் கொடுத்தது மிளகைவிடச் சின்னதாக ஒரு மஞ்சள் மாத்திரை! எனக்கு அவரைத் தோளில் தூக்கி ஊர்வலம் போகவேண்டும்போல் இருந்தது. புருவத்துக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உன் சித்தி அழுதாள். ஏன் இப்படிச் சமைக்கிறாய் என்று நான் இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை, சலவைக்காரிக்குச் சுத்தம் பிடிக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குச் சொன்னாள். நீ நம் வீட்டுக்கு வந்த முதல் வருஷம் வயிற்றுக் காய்ச்சலில் கிழிந்த நாராகக் கிடந்தாய், உனக்கு நினைவிருக்காது. சாப்பாட்டில் கிருமி இருந்திருக்கும் என்று அப்போது யாரோ ஒரு நர்ஸ் சொல்லியிருக்கிறாள். அவளுக்குக் கிருமியைக் கொல்லத் தெரிந்த வழி ஒன்றுதான், ஆஸ்பத்திரி விரிப்பைக் கொதிக்கவைத்து, வடித்து, அலசிப் பிழிகிற வழி. அடுத்தவங்க பிள்ளையை வாங்கி வெச்சுட்டு இப்படிப் படுக்க வெச்சுட்டேனேன்னு அன்னிக்குப் பயந்தேங்க, அந்தப் பயத்துலயே கை பழகிடுச்சு என்றாள். கிருமிக்குப் பயந்தது சரிதான், கழுவிவிட்டு ஒருதரம் வேகவைத்தாலே அது சாகும், சத்தையும் சேர்த்துக் கொன்றிருக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுக்கு, உனக்காகத் தொடங்கிய சமையல் அது. நீ அப்போது பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் தப்பித்துக்கொண்டாய், அவள்தான் மாட்டிக்கொண்டாள்.

இப்போது நம் வீட்டு அடுப்பங்கரையில் புதிய அரசாட்சி. நான் அடுப்பு ஆணையர். கீரையை முழுசாகக் கழுவிவிட்டு அப்புறம்தான் நறுக்கவேண்டும், கையளவு தண்ணீர், மூடி, கொஞ்ச நேரம், அடுப்பை அணை, மிச்சத் தண்ணீர் பருப்புக்குள் போகும். முதல் நாள் அந்தப் பச்சைப் பசேல் கீரையை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அரைகுறையா வெளுத்த துணியை நோயாளிக்குப் போடற மாதிரி இருக்குங்க என்றாள். மூளை ஒத்துக்கொண்டாலும் கை ஒத்துக்கொள்ளவில்லை, மூடியைத் திறந்ததும் அது தானாக வடிகூடைக்குப் போகும். இரண்டுமுறை கையும் களவுமாகப் பிடித்தேன். மூன்றாவது முறை வடிகூடையையே கைதுசெய்து, மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறையில் போட்டுப் பூட்டி, சாவியை என் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டேன். எங்கே போச்சு என்று வீட்டைத் தலைகீழாக்கினாள். நாடு கடத்திவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

இப்படிச் சில வாரம் போனது. மாத்திரையும் கீரையும் பயறும் ஆரஞ்சுமாக அவளுக்கு முதலில் நாக்கு தேறியது, அப்புறம் வாய் தேறியது, அதன் பலனை நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள், இன்று காலையில் முடிவு, எல்லாம் தேறி வருகிறது, இன்னும் சில மாதம் மாத்திரையை விடாதீங்க என்றார் டாக்டரம்மா. அந்த மகிழ்ச்சியில் வீட்டுக்கு வந்தோம். நான் லிஃப்ட் கதவைத் திறந்து, மகாராணி எழுந்தருள்க என்று குனிந்தேன். அவளோ என் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை வெடுக்கென்று உருவிக்கொண்டு படியைப் பார்த்து நடந்துவிட்டாள். எனக்கென்ன தெரியும், டிக்கெட் பரிசோதகர் காட்டிக்கொடுத்திருக்கிறார், நான் வடிகூடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறியபோது எங்கே போகிறீர்கள் என்று அவர்தானே கேட்டார். நான் லிஃப்ட்டில் போய் நாலாவது மாடியில் மடக்கிவிடலாம் என்று பொத்தானை அழுத்தினால், என் கையால் உயிர் கொடுத்த அந்த நன்றி கெட்ட லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்று கொட்டாவி விட்டது. கதவைப் பிளந்து வெளியே குதித்து, அவள் பின்னால் படியேறினேன். தொப்பை முன்னால் வர மறுக்கிறது, நான் பின்னால் நிற்க மறுக்கிறேன். நாலாவது மாடியில் அவள் நிற்கவில்லை. சுவரில் பெயிண்ட் உரிந்ததை ஆராயவில்லை. நம் வீட்டுக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் மொட்டை மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மூச்சு என்னைவிட்டுத் தனிக்குடித்தனம் போயிருந்தது. அவள் மோட்டார் அறையைத் திறந்து, வடிகூடையைக் கையில் வைத்துக்கொண்டு, காற்றில் புடவை பறக்க, ஏதோ கோட்டையைப் பிடித்தவள்போல் நிற்கிறாள். ஒரு துளி மூச்சிரைப்பு இல்லை. பச்சைக் கீரையைக் கழுவறதுக்குக்கூட ஒரு கூடை வேணுமா இல்லையா, கள்ளனாட்டம் ஒளிச்சு வெச்சிருக்கீங்க என்று ஒரு திட்டு. அப்புறம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள், தரையிலிருந்து ஏறிவந்த தளங்களை விரல்விட்டு எண்ணினாள். நாலுக்கு மேல மொட்டை மாடி, அப்போ இது அஞ்சுதானேங்க என்றாள். நான் தலையை ஆட்டினேன். அதாவது கொடுக்கு, உன் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள், அதுவும் ஒருதரம்கூட உட்காராமல்.

பிறகு வடிகூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சட்டென்று முகம் மாறியது. இதே மாதிரி ஒண்ணு அவ கிளம்பும்போது நான்தானேங்க வாங்கிப் பெட்டியில வெச்சேன், அவளுக்கும் இப்படித்தானே சமைக்கக் கத்துக்கொடுத்தேன் என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது, போன தடவை நீ வீடியோவில் பேசிக்கொண்டே கீரையைப் பிழிந்துகொண்டிருந்தாய், அடுத்து துவைகல்லில் அடிப்பாய் போலிருந்தது. உடனே டாக்டரம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், விளையாட்டில்லாமல் படி. பிள்ளை வேணும்னு நினைக்கிறவங்க, உண்டாகறதுக்கு முன்னாலயே இந்த மாத்திரையை ஆரம்பிச்சிடணும், பிள்ளையோட மூளையும் தண்டுவடமும் உருவாகறது முதல் சில வாரத்துலயே, தாய்க்கே தெரியறதுக்கு முன்னாடி, அப்போ சத்து குறைஞ்சா பிள்ளைக்குக் குறை வரலாம், கீரை பயறு சாப்பிடறது நல்லதுதான், ஆனா அந்தச் சமயத்துக்கு அது மட்டும் போதாது என்றார். பயப்பட ஒன்றுமில்லையாம், எவ்வளவு என்பதை மட்டும் உன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார், கடையில் கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொள்ளாதே. அடுத்த வருஷம்தானே என்று தள்ளாதே, உங்கள் அடுத்த வருஷம் எந்த மாதத்தில் கதவைத் தட்டும் என்று யாருக்குத் தெரியும்.

போனை வைத்ததும் உன் சித்தி தீர்மானமாகச் சொன்னாள். எழுதுங்க அவளுக்கு, வரேன்னு எழுதுங்க, பிள்ளையைப் பாக்க மட்டும் இல்லை, அந்த வடிகூடையைப் பிடுங்கிட்டு வரவும்தான் வரேன்னு எழுதுங்க என்று. எழுதிவிட்டேன். நீ தயாராக இரு, ஐந்து மாடியையும் நடந்தே ஏறிவந்து கதவைத் தட்டுவாள், கூடவே நான் வந்தால் என்னை மட்டும் யாராவது கீழேயிருந்து கயிறு கட்டி இழுங்கள்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு பிள்ளை பெற்று, சரி வேண்டாம், ஒன்று பெற்றாலும் அது நூறு பிள்ளைக்கு ஈடான வாலோடு பிறந்து, உன் நாக்கையும் உன் சித்தியின் காலையும் கொண்டு நெடுநாள் வாழ வாழ்த்துகிறேன். அவள் தினமும் காலையில் பல் துலக்கியதும் தன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவ போட்டுக்கிட்டாளான்னு எப்படிங்க தெரியும் என்று என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டாள். அதனால் டாக்டரைப் பார்த்து உன்னுடையதை ஆரம்பித்த அன்றைக்கே அவளுக்கு ஒரு போன் போடு, அதுவரை அவள் என்னைத் தூங்கவிடமாட்டாள், என் குறட்டை வேறு வேலையில்லாமல் கிடக்கிறது.

வேர்க்கடலை வாயோடும் வீங்கிய கால் நகத்தோடும்,
மேலேற்றுவோர் குலத் திலகம், இன்று ஒரு நாள் மட்டும் படியேறித் தோற்றவன்,
உன் சித்தப்பா